சீனிக்கு பதிலா 'சுகர் ஃப்ரீ' போட்டா பாதுகாப்பா? கீழக்கரை தொதல் முதல் டயட் கோலா வரை - நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரை என்றதும் பலருக்கும் நாக்கில் ஊறுவது தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சீனி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் இந்த அல்வா, இலங்கை, மலேசியா, வளைகுடா என்று கடல் தாண்டிப் போன சொந்தங்களுக்கும் பார்சலாகப் போகிறது. அங்கிருந்து ஊர் திரும்பும் பெட்டிகளிலோ, 'வாப்பாவுக்கு சுகர் இருக்கே' என்று யோசித்து வாங்கிய சுகர் ஃப்ரீ சாக்லேட்டும் பிஸ்கட்டும் வருகின்றன.

டீக்கடையில் "சீனி இல்லாம ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மாத்திரையைத் தட்டிப் போடுகிறவர்களையும் இப்போது எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஆனால் அந்த டப்பாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். 'புற்றுநோய் வரும்' என்கிறது ஒன்று. 'சுகர் குறைய இதுதான் வழி' என்கிறது இன்னொன்று.

உண்மை என்ன? இந்த விவாதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. செயற்கை இனிப்பூட்டி உடலுக்குக் கெடுதல் செய்யுமா என்பது முதல் கேள்வி. அதைச் சாப்பிடுவதால் நமக்கு நன்மை உண்டா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல.

செயற்கை இனிப்பூட்டி என்றால் என்ன?

சீனியைவிடப் பல மடங்கு இனிப்பு கொண்ட, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை நேரடியாக ஏற்றாத பொருட்கள்தான் இவை. பல மடங்கு இனிப்பு என்பதால் கடுகளவு போட்டாலே போதும். அதனால் கலோரியும் கிட்டத்தட்ட இல்லை.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் பெயரோடு ஐ.என்.எஸ். எண்ணும் இருக்கும். அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

- அஸ்பார்டேம் (951): சீனியைவிட சுமார் 200 மடங்கு இனிப்பு. டயட் கோலாக்களில் அதிகம்.
- அசிசல்ஃபேம் பொட்டாசியம் (950): சுமார் 200 மடங்கு. அஸ்பார்டேமோடு சேர்த்தே பெரும்பாலும் வரும்.
- சாக்கரின் (954): 300 முதல் 400 மடங்கு. விலை மலிவு. நாக்கில் லேசான கசப்பு நிற்கும்.
- சுக்ரலோஸ் (955): சுமார் 600 மடங்கு. டீ, காபிக்கான மாத்திரைகளிலும் பவுடர்களிலும் பரவலாக உள்ளது.
- ஸ்டீவியால் கிளைகோசைடு (960): ஸ்டீவியா என்ற செடியின் இலையிலிருந்து எடுப்பது. 200 முதல் 300 மடங்கு.

இவை தவிர சார்பிட்டால் (420), மால்டிட்டால் (965), சைலிட்டால் (967), எரித்ரிட்டால் (968) என்று ஒரு குடும்பம் இருக்கிறது. சுகர் ஆல்கஹால் என்று பெயர். பெயரில் இருக்கிறதே தவிர, போதை தரும் மதுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டு சுகர் ஃப்ரீ சாக்லேட்டுகளில் பெரும்பாலும் இருப்பது இந்தக் குடும்பம்தான். இவற்றில் சிலவற்றுக்குக் கலோரியும் உண்டு. அளவு மீறிச் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெரும்பாலும் தற்செயலாகத்தான். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தார் தொடர்பான வேதிப்பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கையில் ஒட்டியிருந்த பொருள் இனித்தது. அதுதான் சாக்கரின்.

சுக்ரலோஸ் கதையில் ஒரு இந்தியர் இருக்கிறார். 1976-ல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் சசிகாந்த் பட்னிஸ். ஒரு வேதிப்பொருளை 'டெஸ்ட்' பண்ணச் சொன்னார்கள். இவர் காதில் அது 'டேஸ்ட்' என்று விழுந்தது. எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். சீனியில் குளோரின் அணுக்களைச் சேர்த்து உருவான அந்தப் பொருள் கடுமையாக இனித்தது.

புற்றுநோய் பயம் எங்கிருந்து வந்தது?

எலிகளிடமிருந்து. கனடாவில் நடந்த ஆய்வில், மிக அதிக அளவு சாக்கரின் கொடுக்கப்பட்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. 1977-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சாக்கரினைத் தடை செய்ய முன்மொழிந்தது. அப்போது சந்தையில் இருந்த ஒரே செயற்கை இனிப்பூட்டி அதுதான் என்பதால் நீரிழிவு நோயாளிகள் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தடையை நிறுத்திவைத்து, பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது.

பிறகு நடந்த ஆய்வுகளில், எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் அங்கே படிகங்கள் உருவாகி சிறுநீர்ப்பையை உறுத்துகின்றன, மனிதர்களிடம் அப்படி நடப்பதில்லை என்று தெரிந்தது. 2000-ம் ஆண்டு அந்த எச்சரிக்கை வாசகம் நீக்கப்பட்டது. இன்று நம் ஊரில் சுற்றும் 'எலிக்குப் புற்றுநோய் வந்ததாம்' செய்திக்கு மூலம் பெரும்பாலும் இந்தப் பழைய கதைதான்.

சைக்லமேட் (952) என்ற இன்னொரு இனிப்பூட்டியை அமெரிக்கா 1969-ல் தடை செய்தது. ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் அதற்கு அனுமதி உண்டு. இந்தியாவின் அனுமதிப் பட்டியலில் அது இல்லை. வெளிநாட்டுப் பெட்டியில் வந்த பொருளில் 952 என்று பார்த்தால் விஷம் என்று பதற வேண்டாம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது, அவ்வளவுதான்.

2023-ல் உலக சுகாதார நிறுவனம் என்ன சொன்னது?

அந்த ஆண்டு இரண்டு அறிவிப்புகள் வந்தன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் இவ்வளவு சந்தேகம்.

2023 மே 15: உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ, நீரிழிவு, இதயநோய் போன்றவற்றைத் தடுக்கவோ இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதில் ஸ்டீவியாவும் அடக்கம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதே அறிக்கை சொல்லியிருக்கிறது. இது 'நிபந்தனைக்குட்பட்ட' பரிந்துரை. அதாவது சான்றுகள் உறுதியாக இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

2023 ஜூலை 14: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமை 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கல்லீரல் புற்றுநோய் தொடர்பான சில ஆய்வுகளில் கிடைத்த குறைந்த அளவு சான்றுதான் காரணம். அதே நாளில், உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான நிபுணர் குழு, 'தினசரி அளவை மாற்றத் தேவையில்லை' என்று அறிவித்தது.

ஒரே நாளில் ஒரு குழு ஆபத்து என்கிறது, இன்னொரு குழு பரவாயில்லை என்கிறதா? அப்படி இல்லை. ஒரு பொருளால் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கிறதா என்பதை மட்டும் முதல் குழு பார்க்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பது அதன் வேலை இல்லை. அதைப் பார்ப்பது இரண்டாவது குழு. கடலில் சுறா இருக்கிறது என்று சொல்வது ஒன்று. கரையில் கால் நனைக்கிறவருக்கு அதனால் எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுவது வேறு.

2பி பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும்கூட இருக்கின்றன. புகையிலையும் மதுவும் இருப்பது முதல் பிரிவில்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரை?

அஸ்பார்டேமுக்கு நிபுணர் குழு வைத்திருக்கும் உச்ச அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 2,400 மி.கி. ஒரு மாத்திரையில் 18 மி.கி. என்று வைத்துக்கொண்டால், 130 மாத்திரைக்கு மேல் போட்டால்தான் அந்த எல்லையைத் தொட முடியும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த எல்லையைத் தாண்ட, ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொன்னது.

ஆக, நாளைக்கு நாலு டீ, நாலு மாத்திரை என்று இருக்கும் பெரியவருக்கு முதல் கேள்வியின் விடை: இந்த அளவில் பெரிய ஆபத்து இருப்பதாகச் சான்று இல்லை.

ஆனால் குழந்தைகள் விஷயம் வேறு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே எல்லை 600 மி.கி. தான். ஒரு கேனில் 200 முதல் 300 மி.கி. இருந்தால், இரண்டு மூன்று கேனிலேயே எல்லை வந்துவிடும். சாக்கரினுக்கு இதே நிபுணர் குழுவின் எல்லை கிலோவுக்கு 5 மி.கி. என்பதால் அதே குழந்தைக்கு வெறும் 75 மி.கி. தான்.

அப்போ கவலையே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. கடந்த சில ஆண்டுகளில் வந்த சில ஆய்வுகள் கேள்வி எழுப்பியிருக்கின்றன.

பிரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ல் வெளியானது. செயற்கை இனிப்பூட்டி அதிகம் எடுத்தவர்களிடம் புற்றுநோய் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட 13 சதவீதம் அதிகமாக இருந்தது. இதயநோய் குறித்தும் இதே மக்களிடம் இதுபோன்ற முடிவு கிடைத்தது.

இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனம் 2022-ல் 120 பேரிடம் நடத்திய ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் குடலில் வாழும் நுண்ணுயிர்களை மாற்றின. அதனால் சிலருக்கு குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்தது. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வு எரித்ரிட்டாலைப் பற்றியது. ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்தது. ஆனால் எரித்ரிட்டாலை நம் உடலே கொஞ்சம் தயாரிக்கிறது. ரத்தத்தில் இருந்தது சாப்பிட்டதா, உடல் தயாரித்ததா என்று அந்த ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிரான்ஸ் ஆய்வு போன்றவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. இனிப்பூட்டியை யார் அதிகம் எடுக்கிறார்கள்? ஏற்கெனவே எடை கூடியவர்கள், சுகர் எல்லையில் நிற்பவர்கள், டாக்டர் எச்சரித்தவர்கள். அவர்களுக்குப் பின்னாளில் நோய் வந்தால், காரணம் மாத்திரையா, ஏற்கெனவே இருந்த உடல்நிலையா? குடை பிடிப்பவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள் என்பதற்காக, குடையால் மழை வந்தது என்று சொல்ல முடியுமா? ஆய்வாளர்கள் கணக்கில் இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். முழுதாகச் சரிசெய்ய முடிவதில்லை. விவாதம் முடியாமல் நீள்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சரி, சுகர் குறையுமா? தமிழ்நாட்டு ஆய்வு சொல்வது என்ன?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நமக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

அதே சென்னை அறக்கட்டளை, டாக்டர் வி.மோகன் தலைமையில், நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு ஆய்வையும் செய்தது. டைப் 2 நீரிழிவு உள்ள 179 பேர். ஒரு பிரிவினர் டீ, காபியில் சீனிக்கு பதில் சுக்ரலோஸ் போட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் சீனியே போட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தார்கள். முடிவு 2024-ல் வந்தது.

சுக்ரலோஸ் போட்டவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, கெடுதலும் தெரியவில்லை, சுகரும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை? நம் தட்டைப் பார்த்தால் புரியும். நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சீனி என்றால் 40 கிராம். சோறு ஒரு கப், சுமார் 150 கிராம் எடுத்தாலே அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 40 கிராம். காலையில் இடியாப்பம், மதியம் சோறு, ராத்திரி பரோட்டா என்று ஓடும் நாளில், டீயில் மட்டும் மிச்சம் பிடித்தால் கணக்கு பெரிதாக மாறாது. "டீயில சீனியே போடுறது இல்ல, அப்புறமும் சுகர் குறையலையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் பார்க்க வேண்டியது தட்டை.

அதற்காக 40 கிராம் சீனியை விடுவது வீண் இல்லை. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு டீ அதைத் தாண்டிவிடுகிறது. அந்த இடத்தில் மாத்திரை உதவும். ஆனால் அது மருந்து இல்லை. சுகருக்கான மருந்தையோ சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையோ அது ஈடுகட்டாது.

கருப்பட்டி போட்டா பரவாயில்லையா?

பனைமரம் நிறைந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 'கெமிக்கல் எதுக்கு, கருப்பட்டி போட்டுக்கலாமே' என்பது பலரின் யோசனை.

கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு. சுவையும் மணமும் தனி. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்கு வரும் கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுகர் இல்லாதவர் சீனிக்கு பதில் அளவாகக் கருப்பட்டி சேர்த்தால் தவறில்லை. நீரிழிவு உள்ளவருக்கு, கருப்பட்டி காபியும் இனிப்புக் காபிதான். பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

போதாக்குறைக்கு, வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் உண்டு. தென்மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைகளில் சிக்கும் கலப்படம் இது.

'சுகர் ஃப்ரீ' தொதல் சாத்தியமா?

தொதலில் சீனியோ கருப்பட்டியோ இனிப்புக்கு மட்டும் இல்லை. பாகாகி, மாவோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்ந்து அந்த இழுவையையும் பளபளப்பையும் தருவதும், நாள்பட கெடாமல் காப்பதும் அதுதான். கடுகளவு சுக்ரலோஸால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் அந்த இடத்தை நிரப்ப மால்டிட்டாலோ வேறு மாவுப்பொருளோ சேர்க்க வேண்டியிருக்கும்.

சீனியை எடுத்துவிட்டாலும் அரிசி மாவு அப்படியே இருக்கிறது. அது ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் போகும். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் கலோரியும் குறையாது. எந்த ஊர் சுகர் ஃப்ரீ அல்வா, லட்டு, பிஸ்கட்டுக்கும் இது பொருந்தும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்றால் 'சர்க்கரை ஏறாது' என்று அர்த்தம் இல்லை. சுகர் ஃப்ரீ என்ற பெயரில் இரண்டு துண்டுக்கு பதில் ஆறு துண்டு உள்ளே போவதுதான் உண்மையான ஆபத்து.

சமையலில் இன்னொரு விஷயம். அஸ்பார்டேம் அதிகச் சூட்டில் உடைந்து இனிப்பை இழந்துவிடும். அதனால் அடுப்பில் கொதிக்க வைக்காமல், இறக்கிய பிறகு சேர்ப்பதே சரி. சுக்ரலோஸ் சூடு தாங்கும் என்று விற்கப்படுகிறது. ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. டீக்கு அந்தப் பயம் இல்லை. பொரிப்பது, ஓவனில் சுடுவது, அடி காயக் கிண்டுவது போன்றவற்றுக்கு வேண்டாம்.

நோன்பு நேரத்தில் மறக்கக் கூடாத ஒன்று

சுகர் ஃப்ரீ வீட்டுக்குள் வந்ததும் சீனி டப்பாவையே ஒழித்துவிடும் குடும்பங்கள் உண்டு. இது ஆபத்தில் முடியலாம்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். நீண்ட நேரம் சாப்பிடாமல் இருக்கும் நோன்புக் காலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, 300-க்கு மேலே போனாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்பது நீரிழிவு உள்ளவர்களின் ரமலான் நோன்புக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்.

சர்க்கரை இறங்கிய நேரத்தில் சுகர் ஃப்ரீ மாத்திரை போட்ட சர்பத்தோ டயட் கோலாவோ கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. நாக்குக்கு இனிக்கும், ரத்தத்துக்கு எதுவும் போகாது. அப்போது வேண்டியது உண்மையான சீனி: 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சுகர் நோயாளி இருக்கும் வீட்டில்தான் சீனி டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

யாரெல்லாம் தவிர்க்கலாம்?

- குழந்தைகள்: இந்தியாவில் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பாக்கெட்டுகளில் 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்ற வாசகம் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.
- பீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள்: அஸ்பார்டேம் கூடவே கூடாது.
- கர்ப்பிணிகள்: டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். குறிப்பாக, சாக்கரின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகக்கூடியது.
- எடை குறைக்க மட்டும் நினைக்கும், சுகர் இல்லாதவர்கள்: குறுகிய கால ஆய்வுகளில் சராசரியாக முக்கால் கிலோவுக்கும் குறைவான எடைதான் குறைந்திருக்கிறது. நீண்ட காலப் பலனுக்குச் சான்று இல்லை.

லேபிளும் வரியும் என்ன சொல்கின்றன?

எந்த உணவில் எந்த இனிப்பூட்டி, எவ்வளவு வரை சேர்க்கலாம் என்பதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வரையறுத்திருக்கிறது. சேர்த்திருந்தால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பாக்கெட்டில் வரும் பொருளுக்கு இது சரி. லேபிளே இல்லாமல் விற்கும் குச்சி ஐஸ், கலர் சர்பத் போன்றவற்றில் சாக்கரின் கலந்திருந்தால் நமக்குத் தெரிய வழியில்லை. குழந்தைகள் அதிகம் வாங்குவதும் அவற்றைத்தான். குடித்த பிறகு நாக்கில் உலோகம் போன்ற கசப்பு நின்றால் சந்தேகப்படுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

பவுடர் வகைகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பல பவுடர்களில் அளவைக் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் சேர்க்கிறார்கள். இவை குளுக்கோஸை ஏற்றும். ஒரு சிட்டிகைக்குப் பிரச்னை இல்லை. ஸ்பூன் ஸ்பூனாகக் கொட்டினால் பிரச்னை.

வரியிலும் இந்த விவாதத்தின் சாயல் தெரிகிறது. பிரிட்டன் 2018-ல் கொண்டுவந்த குளிர்பான வரி சீனிக்கு மட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையும் 2017-ல் குளிர்பானங்களில் உள்ள சீனி அளவைப் பார்த்தே வரி போட்டது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல், சீனி போட்ட கோலாவுக்கும் டயட் கோலாவுக்கும் ஒரே 40 சதவீத ஜி.எஸ்.டி. நம் வரிக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

அப்போ என்னதான் செய்வது?

நீரிழிவு உள்ளவர், டீயில் இனிப்பு இல்லாமல் முடியவே முடியாது என்றால், நாளைக்கு மூன்று நாலு மாத்திரை போடுவதற்குப் பயப்பட வேண்டாம். சீனியைவிட அது மேல். ஆனால் அதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பையே குறைப்பது நல்லது. இரண்டு ஸ்பூன் ஒன்றரையாக, ஒன்றாக, அரையாகக் குறைந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் நாக்கு அதே இனிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

தாகத்துக்கு சீனி கோலாவா, டயட் கோலாவா என்று கேட்டபோது, உலக சுகாதார நிறுவனத்தின் ஊட்டச்சத்துத் துறை இயக்குநராக இருந்த பிரான்செஸ்கோ பிராங்கா மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார்: தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு அதோடு உப்புப் போட்ட மோரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொதல்? விசேஷத்துக்கு, பண்டிகைக்கு, சொந்தம் ஊர் திரும்பும் நாளுக்கு ஒரு சின்னத் துண்டு, அசல் கருப்பட்டித் தொதலாகவே சாப்பிடுங்கள். அன்று சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய டப்பாவைத் தினமும் திறப்பதைவிட அது பாதுகாப்பான கணக்கு. உங்கள் சர்க்கரை அளவுக்கும் நீங்கள் சாப்பிடும் மருந்துக்கும் எவ்வளவு சரி என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.